கிறுக்கலுக்குப் பெயர் யார் வைப்பது?

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பற்றியே பேசிவந்த இம்மன்றத்தில், சொல் இன்னும் முழுமையாக வாய்க்காத ஒரு கலைஞரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவருக்கு வயது இரண்டு. அவருடைய கருவி கணினித் திரை. அவரோடு சேர்ந்து படம் வரைய அமரும் பெரியவர்களுக்கு அங்கே என்ன வேலை என்பதே என் கேள்வி.

1984-இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியோடு மேக்பெயின்ட் என்னும் ஓவிய மென்பொருளும் வந்தது. பெரியவர்களுக்கு அது எளிதாக இருந்தது. அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த கிரெய்க் ஹிக்மனோ, தம் சிறு மகன் அதனோடு மல்லாடுவதைக் கண்டார். மகனுக்காகவே 1989-இல் கிட் பிக்ஸ் என்னும் மென்பொருளை உருவாக்கினார். 1991-இல் புரோடர்பண்ட் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் கருவிகள் ஓசை எழுப்பும். கோடுகள் எதிர்பாராத உருக்கொள்ளும். படம் முழுவதையும் வெடிவைத்து அழிக்கும் வழியும் உண்டு.

அந்த வெடியைப் பற்றிச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெரியவர் அழிப்பது பிழை திருத்துவதற்காக. குழந்தைக்கு அழிப்பதும் ஆட்டம். இது நமக்குப் புதிதன்று. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் என ஒன்றை வகுத்தவர்கள் நம் முன்னோர். தாங்கள் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டாமெனச் சிறுமியர் பிள்ளையிடம் இறைஞ்சுவது அதன் பொருள். குழந்தையின் சிதைக்கும் செயலையும் ஒரு பருவமாக வைத்துப் பாடிய மரபு நம்முடையது.

ஞாயிறுதோறும் என் பேத்தியோடு டேப்லெட்டில் வரைகையில் அதை நேரில் காண்கிறேன். சிவப்பில் ஒரு சுழி இடுவாள். அருகில் நான் ஒரு புள்ளி வைப்பேன். உடனே இரண்டையும் நீலத்தால் மூடிவிட்டுக் கைகொட்டுவாள். என் கண்ணுக்கு அந்தச் சுழி ஒரு பறவை. அச்சொல் நாவின் நுனியில் வந்து நிற்கும். அதை விழுங்கிக்கொள்வதுதான் அங்கே எனக்குள்ள கடினமான பணி.

ஏன் விழுங்க வேண்டும்? கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட், 1947-இல் வெளியிட்ட நூலில் கிறுக்கலின் வளர்ச்சியைப் படிப்படியாக விளக்கினார். முதலில் கட்டற்ற கோடுகள். பின்னர்க் கையும் கண்ணும் இணங்கிய கோடுகள். இறுதியில், தான் இட்ட கோட்டுக்குக் குழந்தை தானே பெயர் சூட்டும் நிலை. அப்போது கோடு பெரிதும் மாறுவதில்லை, எண்ணம் மாறுகிறது. வெறும் அசைவாக இருந்தது ஒன்றின் உருவமாகிறது. கவிதை பிறக்கும் வாசலும் அதுவேயன்றோ? நாம் முந்திக்கொண்டு பெயரிட்டால், குழந்தையின் முதல் உருவகம் நம்முடையதாகிவிடும்.

இன்று முந்திக்கொள்ள இயந்திரமும் வந்துவிட்டது. 2017-இல் கூகுள் வெளியிட்ட ஆட்டோட்ரா, கோணல் கோட்டைப் பார்த்து இன்ன பொருளென ஊகித்து, ஓவியர் வரைந்த செம்மையான படத்தை அவ்விடத்தில் வைக்க முன்வந்தது. அதன்பின் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கிறுக்கலை முழு ஓவியமாகவே மாற்றித் தருகின்றன. வரையத் தயங்கும் பெரியவருக்கு அது துணை. இரண்டு வயதுக் குழந்தைக்கோ, பாதி வாக்கியத்தில் குறுக்கிட்டு முடித்துவைக்கும் உறவினரைப் போன்றது.

குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பாரும் உளர். அவர்களின் கவலையில் நியாயமுண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறை, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாமென்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை, உட்கார்ந்து திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டலாகாது, குறைவாயின் நலம் என்றும் கூறுகிறது. கண்ணாடியில் மணலின் சொரசொரப்பு இல்லை. சுண்ணக்கட்டியின் தூள் விரலில் ஒட்டுவதில்லை. ஆகவே திரை ஒருபோதும் முற்றத்துக்கு மாற்றாகாது. ஆயினும், அளிக்கும் அச்சிறு பொழுதில் குழந்தையைத் தனியே விடாது உடனிருப்பது நம்மால் இயல்வது.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பெயரிடுவது நம் தொழில்; ஒரு குழந்தையின் அருகில் மட்டும் அத்தொழிலைச் சற்றே நிறுத்திவையுங்கள். ஒரு புள்ளி வைத்துவிட்டுக் காத்திருங்கள். என்றேனும் ஒருநாள் குழந்தை தன் கோட்டைச் சுட்டி ஒரு பெயர் சொல்லும். அது நாம் நினைத்த பெயராக இராது. அதைத் தேதியோடு எழுதிவையுங்கள். அது அக்குழந்தையின் முதற் கவிதை.