குரல் கேட்டதும் போனை வைத்துவிடாதீர்கள்

(வண்ணாத்திவில்லில், சொந்த இடம் திரும்பும் குடும்பங்களுக்கான தகவல் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு என்று இந்தக் கரையோரத்தில் வாழ்ந்தவர்கள் நீங்கள். இப்போது முசலிப் பக்கம் திரும்ப ஆயத்தமாகிறீர்கள். வீடு, காணி, பாடசாலை பற்றி மற்ற உத்தியோகத்தர்கள் பேசினார்கள். நான் பேசப்போவது சின்ன விஷயமாகத் தெரியலாம்: போனில் பேசும் இயந்திரக் குரல்.

போன மாதம் ஓர் உம்மா என்னிடம் வந்தார். ஓர் அலுவலகத்துக்கு மூன்று தரம் கோல் எடுத்தாராம். "சிங்களத்தில ஒரு பிள்ளை பேசுது மகன். நான் சொல்றது ஒண்டும் அதுக்கு விளங்கல்ல" என்றார். மூன்று தரமும் வைத்துவிட்டு, பஸ் ஏறி நேரில் போயிருக்கிறார். அன்று உரிய உத்தியோகத்தர் இல்லை. பஸ் காசும் போய், ஒரு நாள் உழைப்பும் போனது.

பேசியது பிள்ளை அல்ல, முன்பே பதிவுசெய்த குரல். இன்னும் சில விநாடி பொறுத்திருந்தால் அதே குரல் தமிழிலும் பேசியிருக்கும்.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்? திரும்பிப் போன பிறகு உங்கள் அலுவல்கள் இரண்டு மாவட்டத்தில் இருக்கும். காணி மன்னாரில். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்புப் பதிவு புத்தளத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் பஸ் ஏற முடியாது.

ஆகவே, கோல் எடுத்தால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில், அடையாள அட்டை, பேனை, கொப்பி மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரீலோட் இருக்கிறதா என்று பாருங்கள். காத்திருக்கும் நேரத்துக்கும் காசு போகலாம்.

இரண்டாவது, குரல் பேசும்போது பதில் சொல்ல வேண்டாம். பெரும்பாலான இயந்திரங்களுக்கு விளங்குவது இலக்கத்தை அழுத்தும்போது எழும் ஓசை மட்டுந்தான். பெரும்பாலும் சிங்களம் முதலில் வரும், பிறகு தமிழ். எல்லா இடத்திலும் ஒரே இலக்கம் இல்லை. தமிழ் காதில் விழும்வரை பொறுத்திருந்து, அது சொல்லும் இலக்கத்தை அழுத்துங்கள்.

மூன்றாவது, தொடுதிரைப் போன் என்றால் கோல் எடுத்ததும் இலக்கங்கள் மறைந்துவிடும். போனைக் காதிலிருந்து எடுத்தால் திரை வெளிச்சமாகும். அதில் இலக்கப் பலகைக்கான அடையாளத்தைத் தொட்டால் இலக்கங்கள் திரும்ப வரும். ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டால் கேட்கவும் அழுத்தவும் சுகம்.

நான்காவது, ஆள் வந்ததும் அவருடைய பெயர், திகதி, முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் கேட்டு எழுதுங்கள். அடுத்த தரம் பேசும்போது அதுதான் உங்கள் கையிலுள்ள சாட்சி.

தமிழில் பேசக் கூச்சப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. புத்தளத்திலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. எதிரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைத் தாருங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இனி இலக்கங்கள். சாதாரணத் தொலைபேசிக்குப் புத்தளத்தின் குறியீடு 032, மன்னாருடையது 023. இங்கே எழுதிவைத்த பிரதேச செயலக இலக்கம் அங்கே உதவாது. போனதும் கிராம உத்தியோகத்தரிடம் புதிய இலக்கங்களைக் கேட்டு எழுதுங்கள். சுருக்க இலக்கங்கள் எங்கும் ஒன்றுதான். அரசாங்கத் தகவல் நிலையம் 1919: எந்தப் பத்திரத்தை எங்கே எடுக்கலாம், என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்கலாம். பொலிஸ் அவசரம் 119. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சிறுவர் பாதுகாப்பு 1929. பெண்களுக்கான உதவி 1938.

இலவச அம்புலன்ஸ் 1990. இதை உங்களுக்கு மனப்பாடம் பண்ணித் தர வேண்டியதில்லை. நீங்கள் ஊரை விட்டு வந்த ஆண்டுதான் அது. 2018இலிருந்து இந்தச் சேவை வடக்கிலும் இருக்கிறது. ஆனால் உங்கள் கோல் போவது கொழும்புப் பக்கத்திலுள்ள நிலையத்துக்கு. அவர்களுக்கு உங்கள் புது வீட்டு ஒழுங்கை தெரியாது. மாவட்டம், ஊர், பக்கத்துப் பள்ளிவாசல் அல்லது பாடசாலை என்று வரிசையாகச் சொல்லுங்கள். குடியேறிய முதல் நாளே இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டில் பிள்ளை மட்டும் இருந்தாலும் வாசித்துச் சொல்லும்.

உங்கள் கைப்போன் இலக்கத்தை மாற்றாதீர்கள். படிவங்களில் கொடுத்த இலக்கத்துக்குத்தான் அழைப்பு வரும். மாற்றத்தான் வேண்டுமென்றால், படிவம் கொடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் அறிவியுங்கள். சிம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மகனோ கடைக்காரரோ தங்கள் பெயரில் எடுத்துத் தந்திருந்தால், தொலைந்த நாளில் அதை மீட்பது கஷ்டம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நீங்கள் எடுக்கும் கோல் வேறு, உங்களைத் தேடி வரும் கோல் வேறு. "வீட்டுத்திட்டத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, பதிவுக் காசு அனுப்புங்கள்" என்றோ, "போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றோ யாராவது கேட்டால், ஆளின் குரலானாலும் இயந்திரக் குரலானாலும் அப்போது மட்டும் உடனே வைத்துவிடுங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

கூட்டம் முடிந்ததும் இங்கேயே 1919க்கு ஒரு கோல் எடுத்துப் பழகுங்கள். நாங்கள் பக்கத்தில் இருப்போம். 119க்கும் 1990க்கும் பழக்கத்துக்காக எடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் உண்மையாகவே ஓர் உயிர் அந்த இணைப்புக்காகக் காத்திருக்கலாம்.

நல்லபடியாக ஊர் போய்ச் சேருங்கள்.