ஆபிரகாம் பண்டிதரும் இசையாராய்ச்சியும்

(ஆம்பூரில் நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்தின் கல்வி நிதியினின்று ஒரு பகுதியை எடுத்து, ஞாயிறுதோறும் சிறாருக்கு இசை வகுப்பொன்று நடத்தலாமா என்னும் வினா இன்று அவைமுன் நிற்கின்றது. 'பாட்டுச் சோறிடுமோ?' என்பர் ஒரு சாரார். 'அக்கலை நம் குடிக்கு வழிவழி வந்ததன்றே, நமக்கு எதற்கு?' என்பர் மற்றொரு சாரார். முதல் வினாவைப் பொருளாளரிடம் விடுகின்றோம். இரண்டாம் வினாவிற்கு விடையாக ஒருவர் வாழ்க்கையை எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

அவர் 1859-ஆம் ஆண்டு தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையிற் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தஞ்சைக்கு வந்து தமிழாசிரியராய் அமர்ந்தவர். பின்னர்ச் சித்த மருத்துவத்தை மேற்கொண்டு, அதனால் ஈட்டிய பொருளை இசைக்கென்றே வாரி வழங்கியவர். இசைவாணர் குடியிற் பிறந்தவரல்லர். கேட்டும், கற்றும், ஐயுற்றுமே இசையறிஞர் ஆயினார். 1919-இல் மறைந்தார்.

எம் இளமையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். ஒரு பாடகரிடம், 'ஐயா, ஒரு தானத்திற் சுரங்கள் பன்னிரண்டாதல் எதனால்?' என்று வினவினோம். 'பாடத் தெரியாதவனுக்குக் காரணம் எதற்கு?' என்றார் அவர். வாய்மூடி வீடு திரும்பினோம். பன்னாள் கழித்துப் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' எம் கைக்குக் கிட்டியபோது, எம் வினாவையே ஒருவர் ஆயிரம் பக்கங்களுக்கு மேல் ஆராய்ந்திருத்தல் கண்டு கண்ணீர் மல்கினோம்.

1917-இல் வெளிவந்த அந்நூலின் கருத்தை எளிய கணக்கால் விளக்குவாம். வீணை நரம்பைப் பாதியாக்கி மீட்டினால், தொடங்கிய குரலே மேல் தானத்தில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி, அஃதாவது பஞ்சமம், பிறக்கும். அப்பஞ்சமத்தையே குரலாகக் கொண்டு அதற்கோர் இளி, அதற்கோர் இளி எனப் பன்னிருமுறை சென்றால், ஏழு தானங்கள் கடந்து தொடங்கிய சுரத்தையே அடைதல் வேண்டும். ஆனால் கணக்கோ அவ்வாறு முடிவதில்லை. இரண்டை ஏழுமுறை பெருக்க 128 ஆகும். ஒன்றரையைப் பன்னிருமுறை பெருக்க ஏறத்தாழ 129.75 ஆகும். வட்டம் கூடாது சிறிது மிகுகின்றது.

பண்டிதர் இவ்விடத்தே நின்று சிந்தித்தார். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பன்னிரண்டு இராசி வீடுகளில் சுரங்களை நிறுத்தும் பாலை முறையைக் கூறுகின்றன. வீடுகள் பன்னிரண்டும் ஒத்த அளவினவாயின், வட்டம் பழுதின்றி முடியும். ஆதலின் பழந்தமிழர் சுரங்களைச் சம அளவாகவே பகுத்தனர் என்றும், அவற்றை இரண்டிரண்டாகப் பகுக்கச் சுருதிகள் 24 ஆகும் என்றும் அவர் துணிந்தார். சுருதி 22 என்பது 'சங்கீத ரத்நாகரம்' முதலிய நூல்வழி வந்த கொள்கை. அதனை அவர் அஞ்சாது மறுத்தார். நாம் இன்று கருநாடக இசையென வழங்குவது பழந்தமிழிசையின் தொடர்ச்சியே என்பதும் அவர் கொள்கை.

அவர் மறுப்புரைக்கும் ஆராய்ச்சியாளர் மட்டுமல்லர். தமிழிற் பல கீர்த்தனைகளைத் தாமே இயற்றிச் சுரப்படுத்தினார். ஓர் இராகத்தில் எச்சுரத்தை அடுத்து எச்சுரம் வரத்தகும் என்பதற்கும் முறை தேடினார். இயற்றுவோன் அறிவும் ஆராய்வோன் அறிவும் அவரிடத்து ஒன்றையொன்று திருத்தின.

அவர் செய்த தொண்டுகளுள் யாம் தலையாயதெனக் கருதுவது மற்றொன்று. தம் முடிவைத் தம் வீட்டளவில் அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, வித்துவான்களைத் தம் செலவிலேயே வரவழைத்து மாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நிகழ்ந்த அகில இந்திய இசை மாநாட்டிற்குச் சென்று, தம் புதல்வியர் இசைத்துக் காட்டத் தம் கொள்கையை அவை நடுவே வைத்தார். ஆங்கு உடன்படாதவரும் இருந்தனர்.

இன்றும் அவர் முடிவுகள் அனைத்தையும் அறிஞர் ஏற்றனர் என்று கூறோம். விபுலாநந்த அடிகள் 1947-இல் வெளியிட்ட 'யாழ்நூல்' 22 அலகுகளைக் கொண்டே சென்றது. பாடுவோர் தொண்டையிற் கமகத்தோடு அசையும் சுரம், சம அளவுக் கோட்டில் நில்லாது என்பாரும் உளர். யாமும் இவ்வையத்தைத் தள்ளிவிடோம். ஆயினும், உடன்படாதார் எதனோடு உடன்படவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லத்தக்கதொரு கணக்கை அவர்முன் வைத்தவர் பண்டிதரே. 'எம் குரு கூறினார்' என்னும் சொல்லோடு முடிந்த பேச்சை, 'அளந்து பார்ப்போம் வாரீர்' என்னும் சொல்லாற் புதிதாகத் தொடங்கிவைத்தார்.

அன்பர்களே! நம் பாலாற்றங்கரைத் தொழிலை எண்ணிப் பாருங்கள். பதனிட்டாயிற்று என்று ஒருவன் கூறிய மாத்திரத்தில் நம்மவர் தோலை ஏற்பதுண்டோ? விளிம்பை அறுத்து, உள்வரை பதம் ஏறியதா என்று பார்த்தன்றோ ஏற்கின்றோம்! நூலுரையைப் பண்டிதர் சோதித்ததும் இவ்வாறே. அத்தகைய கையும் கண்ணும் நம் பிள்ளைகளுக்கு முன்னரே உள்ளன.

மிருதங்கம் தோலின்றி இல்லை. தோலைக் கையாளும் நம் இல்லங்களுள் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைகள் எத்துணையர்? இவ்வினாவைக் கேட்டு யாம் பிறரைக் குறைகூற வரவில்லை, நம்மையே கேட்கின்றோம். வழிவழி வந்ததன்று என்று நாம் கதவடைத்தால், எம் இளமையில் ஒருவர் எம்மைத் திருப்பியனுப்பியதை நாமே நம் மக்களுக்குச் செய்தவராவோம்.

ஆதலின் வகுப்பைத் தொடங்குமாறு வேண்டுகின்றோம். அதில் ஒரு நரம்புக் கருவியும் ஓர் அளவுகோலும் இருத்தல் வேண்டும். பாட்டோடு காரணத்தையும் பிள்ளைகள் வினவட்டும். வினவும் பிள்ளையை எவரும் வாயடைக்காதிருத்தலே அவ்வகுப்பின் முதல் விதியாகுக.