விறகுக்கு வந்த முள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் கரிசல் காட்டுக்குச் சீமைக்கருவேல் வந்த கதை பெரியவர்களுக்குத் தெரியும். விறகுக்கு ஆகும், கரிமூட்டம் போடலாம், வேலிக்கும் உதவும் என்று வரவேற்றோம். இன்று கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைந்த எத்தனையோ புஞ்சைகளை அதுவே பிடித்துக்கொண்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவிலும் இப்படி ஒரு முள் வந்தது. முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தபின் மக்கள் மனம் நொந்து கிடந்தார்கள். இத்தாலியில் முசோலினியின் பாசிசப் படை ஊர் ஊராக அடிதடியில் இறங்கியது. அதைத் தடுக்க வேண்டிய அரசரே 1922 அக்டோபரில் அவரைப் பிரதமராக்கினார். ஜெர்மனியில் 1928 தேர்தலில் ஹிட்லர் கட்சிக்கு நூற்றுக்கு மூன்று வாக்குகூடக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு உலகப் பொருளாதாரமே சரிந்தது. 1932 தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு ஜூலைத் தேர்தலில் அதே கட்சி நூற்றுக்கு 37 வாக்குகள் பெற்றது.

வாடிப்போன இளைஞர்களுக்கு அந்தக் கட்சி ஒரு சட்டையும் ஒரு கொடியும் கொடுத்தது. வெறுப்பதற்கு யூத மக்களையும் காட்டியது. இவரைப் பதவியில் வைத்து நம் காரியத்தைச் சாதிப்போம், பிறகு அடக்கிக்கொள்ளலாம் என்று பெரிய மனிதர்கள் கணக்குப் போட்டார்கள். 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் ஆட்சித் தலைவரானார். ஆறே மாதங்களில் நாட்டில் வேறு கட்சி இல்லை. முடிவில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

அப்போது கத்தோலிக்கர்கள் என்ன செய்தார்கள்? கேட்டுத்தான் ஆக வேண்டும். 1933 மார்ச்சில் ஹிட்லருக்கு முழு அதிகாரம் தரும் சட்டத்துக்கு அங்கிருந்த கத்தோலிக்கக் கட்சியும் வாக்களித்தது. எதிர்த்தவர்களும் உண்டு. இத்தாலியில் அர்ஜெந்தா ஊர்ப் பங்குத்தந்தை ஜொவான்னி மின்சோனி, சிறுவர்களைச் சாரணர் இயக்கத்தில் சேர்த்துப் பாசிசப் படையிடமிருந்து காத்தார். 1923 ஆகஸ்ட் 23-இல் அவரைத் தடியால் அடித்தே கொன்றார்கள். 1937 குருத்து ஞாயிறன்று, திருத்தந்தை 11ஆம் பயஸ் எழுதிய கண்டனச் சுற்றுமடல் ஜெர்மனியின் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. இனத்தைத் தெய்வமாக்குவது சிலை வழிபாடு என்பதே அதன் சாரம்.

ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர் விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். கோயில்பிள்ளையாகவும் வேலை பார்த்தவர். 1938 ஏப்ரலில் ஹிட்லரின் ஆட்சியோடு நாடு இணைந்ததற்கு ஒப்புதல் கேட்டார்கள். ஊரில் அவர் ஒருவர் மட்டுமே 'இல்லை' என்று வாக்களித்தார். அந்தப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்ததால் 1943 ஆகஸ்ட் 9-இல் அவரது தலை வெட்டப்பட்டது. 2007-இல் திருஅவை அவரை அருளாளராக உயர்த்தியது.

இது தூரத்துக் கதை என்று நாம் இருந்துவிட முடியாது. 2023 ஆகஸ்ட் 9 இரவு, பக்கத்து மாவட்டத்து நாங்குநேரியில் பள்ளி மாணவர்களே தங்களோடு படித்தவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். காரணம் சாதி. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்று 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அங்கே சட்டையின் நிறம். இங்கே கயிற்றின் நிறம். இரண்டும் பிள்ளைக்குச் சொல்வது ஒன்றே: நீ யார் என்பதை நீ யாரை வெறுக்கிறாய் என்பதை வைத்துத் தெரிந்துகொள்.

சாமுவேல் முதல் நூல் எட்டாம் அதிகாரத்தில், மற்ற நாட்டாரைப் போல எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். அவன் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். அவர்கள் கேட்கவில்லை. வீரம் பேசி வருகிறவர் முதலில் எடுத்துக்கொள்வது நம் பிள்ளைகளைத்தான்.

அன்பானவர்களே, இந்த வாரம் நம் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பார்ப்போம். கயிறு இருந்தால் திட்ட வேண்டாம். யார் கட்டிவிட்டது, எதற்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்போம். நம் திருவிழாச் சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்பதையும் பார்ப்போம். பெரியவர்களிடம் பார்த்ததைத்தான் பிள்ளைகள் கையில் கட்டிக்கொள்கிறார்கள்.

கருவேலங்கன்று சிறிதாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கிவிடலாம். அதற்கான துணிவை ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.