கரி பூசிய முகமும் விடுதலைப் பாட்டும்



பழைய ஹாலிவுட் பாட்டுப் படங்களை இன்றைக்குப் பார்க்கலாமா, கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாய்ப் பார்க்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் புத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

1942-ல் பாரமவுண்ட் கம்பெனியார் வெளியிட்ட ‘ஹாலிடே இன்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். பிங் கிராஸ்பி பாடுகிறார். பிரெட் அஸ்டேர் ஆடுகிறார். பாட்டுகள் இர்விங் பெர்லின் செய்தவை. அவற்றில் ஒன்றுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. அஸ்டேரின் காலைப் பார்த்தால் நமக்குங்கூடத் தாளம் போடத்தான் தோன்றுகிறது. அதை நாம் மறைப்பானேன்?

பண்டிகை நாட்களில் மாத்திரம் திறக்கும் ஒரு விடுதியைப் பற்றியது கதை. அங்கே லிங்கன் பிறந்த நாளும் ஒரு பண்டிகை. லிங்கன் யார்? 1863-ல் அடிமை விடுதலைப் பிரகடனம் செய்தவர். அவருடைய நாளில் நடப்பதென்ன? கிராஸ்பியும் கதாநாயகி மார்ஜரி ரெனால்ட்ஸும், இருவரும் வெள்ளையர், முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, கறுப்பர் வேஷத்தில் விடுதலைப் பாட்டுப் பாடுகிறார்கள்! அவளைத் தட்டிக்கொண்டு போக வரும் கூட்டாளியின் கண்ணில் படாமல் மறைக்கத்தான் இந்த வேஷமாம். மறைப்பதற்கு ஒரு முக்காடு போதாதா என்று கேட்கிறோம்.

அதே விடுதியில் மெய்யான கறுப்புப் பெண் ஒருத்தியும் இருக்கிறாள். லூயிஸ் பீவர்ஸ் என்ற நடிகை அந்த வேஷம் ஏற்றிருக்கிறார். அவளுக்கு இடம் எது? அடுப்படி! தன் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு அங்கிருந்தே அவளும் லிங்கனைப் புகழ்ந்து பாட வேண்டும். கூடத்தில் அவளுடைய நிறத்துக்குக் கைதட்டல், அவளுக்கோ கரண்டி.

“அது அந்தக் காலத்து வழக்கம், இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?” என்பார்கள். யாருடைய வழக்கம்? கறுப்பரின் உரிமைக்கான தேசிய சங்கம் 1909-லேயே ஏற்பட்டு, 1915-ல் வேறொரு சினிமாவைக் கண்டித்துக் கிளர்ச்சியும் செய்திருக்கிறது. சொன்னவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். கேட்கவேண்டியவர்களுக்குத்தான் காது இல்லை. படம் வெளிவந்த வருஷத்தில் அமெரிக்கப் பட்டாளம் சுதந்திரத்தின் பேரால் யுத்தம் செய்தது. அதற்குள்ளேயே கறுப்புச் சிப்பாய்களுக்குத் தனிப் பிரிவு! அதை ஒழிக்க ட்ரூமன் உத்தரவு போட்டது 1948-ல்.

பிற்காலத்தில் தொலைக்காட்சிக்காரர்கள் சிலர் இந்தக் காட்சியை மாத்திரம் வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டினார்கள். இது நமக்குச் சம்மதமில்லை. வெட்டினால் சமையற்காரியின் பாட்டும் கூடவே போய்விடுகிறது. படமும் ஒரு பாவமும் அறியாததுபோல் ஆகிவிடுகிறது. ஆகையால், தோழர்களே, வெட்டாத படத்தையே பாருங்கள். பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். “இவர் ஏன் முகத்தில் கரி பூசிக்கொண்டார்?” என்று பிள்ளை கேட்டால், படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.