பினாங்குக்குப் போக விமானம் எதற்கு?

(காம்பாரில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய தொடக்கவுரை)



"காம்பாரில் விமான நிலையமே கிடையாது. இங்கே வந்து விமானமா, ரயிலா என்று பேசுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

இந்த நாட்டில் ரயில் பிறந்ததே பேராக்கில்தான். 1885 ஜூன் 1-ஆம் தேதி, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு முதல் ரயில் ஓடியது. ஈயம் ஏற்றிச் செல்லத்தான். அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்தார் ஸ்டேஷன் மாஸ்டர்களாக அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தண்டவாளம் போட்டார்கள், செந்தூல் பட்டறையில் இஞ்சினைப் பிரித்து மாட்டினார்கள். சயாம் மரண ரயில் பாதையில் நம் தோட்டத்து மக்கள் மாண்ட கதையை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை. ரயிலைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டா என்று யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2010-இல் ஈப்போவுக்கும் தலைநகருக்கும் இடையே இ.டி.எஸ். மின் ரயில் ஓடத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் முடிந்து, 2015-இல் அந்த ரயில் தாய்லாந்து எல்லையைத் தொட்டது. 2025 டிசம்பரில் தெற்கே ஜொகூர்பாருவையும் எட்டிவிட்டது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மின்சாரத்தில் ஓடும் பாதை நம் வீட்டு வாசல் வழியாகப் போகிறது.

அப்படியிருந்தும் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் இடையே தினமும் எத்தனை விமானங்கள்! வானத்தில் இருப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் வீட்டிலிருந்து செப்பாங் போக ஒரு மணி நேரம், முன்கூட்டியே போய்க் காத்திருக்க ஒன்றரை மணி நேரம், இறங்கியபின் பாயான் லெப்பாசிலிருந்து ஊருக்குள் போக இன்னும் அரை மணிக்கு மேல். கூட்டிப் பாருங்கள். ரயிலில் ஏறினால் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த். எதிரே ஃபெர்ரி. மிச்சமான நேரம் எங்கே?

புகைக் கணக்கையும் பார்ப்போம். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையின் 2018-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல விமானம் சராசரியாக 160 கிராம் கரியமில வாயு வெளியிடுகிறது. ரயில் 33 கிராம். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. குறுகிய தூர விமானம் இன்னும் மோசம். மேலே ஏறுவதற்குத்தான் எரிபொருள் அதிகம் செலவாகும். ஏறி நிமிர்வதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்கக் கூடாது. அது ஐரோப்பாக் கணக்கு. நம் ரயிலை ஓட்டும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. பேராக்கில் ஒரு வேடிக்கை பாருங்கள்: ஈப்போ விமான நிலையத்துக்கும் சுல்தான் அஸ்லான் ஷா பெயர், மஞ்சோங் நிலக்கரி மின்நிலையத்துக்கும் அதே பெயர்! ஆகவே "மின் ரயில் என்றால் புகையே இல்லை" என்று யாராவது மேடையில் முழங்கினால் நம்பாதீர்கள். ஆனால் மின்சாரத்தை மாற்ற முடியும். தெமெங்கோர் அணையிலிருந்தும் எடுக்கலாம், சூரிய ஒளியிலிருந்தும் எடுக்கலாம். 2044-க்குள் நிலக்கரியை விட்டுவிடுவதாக அரசாங்கமும் கூறியிருக்கிறது. அன்றைக்கு இதே ரயில், இதே தண்டவாளத்தில், தானாகவே சுத்தமாகிவிடும். விமானத்துக்கு அப்படியொரு வழி இன்னும் கைக்கு எட்டவில்லை.

பிரான்சு நாட்டில் 2023-இல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாது. பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து மூன்று தடங்கள் நின்றன. நம் நாட்டிலும் தடை வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். சபாவுக்கோ சென்னைக்கோ ரயில் ஏது? மலிவு விமானம் வந்த பிறகுதான் நம்மில் பலர் பிள்ளைகளோடு ஊருக்குப் போய்வர முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தடைக்கு முன்பு, ரயிலில் இடம் வேண்டும்.

சிக்கலே அங்குதான். தீபாவளி நெருங்கும்போது இ.டி.எஸ். டிக்கெட் தேடியவர்களுக்குத் தெரியும். விற்பனை திறக்கும், தீர்ந்துவிடும். கூடுதல் ரயில் விடுகிறார்கள், அதுவும் தீர்ந்துவிடும். ரயில் கிடைக்காதவர் வீட்டில் உட்கார்ந்துவிடுவாரா? நெடுஞ்சாலையில் காரை இறக்குவார், அல்லது விமானம் பிடிப்பார். ஆறு பெட்டி கொண்ட ஒரு ரயிலில் சுமார் 300 பேர் உட்காரலாம். 180 பேர் ஏறும் சிறிய ஜெட் விமானங்களில் ஒன்றரைக்கும் மேல். தண்டவாளத்துக்குக் கோடிகோடியாய்க் கொட்டிவிட்டு, அதன்மேல் ஓட வண்டி போதவில்லை என்றால் யாருக்கு லாபம்?

30 ஆண்டுக் குத்தகையில் சீனாவிலிருந்து 62 ரயில்களைப் பெற 2025-இல் அரசாங்கம் முடிவெடுத்தது. மதிப்பு 10.7 பில்லியன் வெள்ளி. வரவேற்கிறேன். அதில் எத்தனை காம்பாரில் நிற்கும்? எல்லா வண்டியும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு கொம்யூட்டர் தஞ்சோங் மாலிமோடு முடிந்துவிடுகிறது. சிலிம் ரிவர், சுங்கை, தாப்பா ரோடு, காம்பார், பத்து காஜா என்று இடையில் இருக்கும் ஊர்க்காரர்கள் ரயில் கடந்துபோவதைப் பார்க்கத்தானா?

அதிவேக ரயில் நினைவிருக்கும். 2016-இல் சிங்கப்பூருடன் ஒப்பந்தம், தொண்ணூறு நிமிடப் பயணம். 2021 பிறந்த அன்றே அது கைவிடப்பட்டது. இழப்பீடாக 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் கட்டினோம். அந்தக் கனவு மீண்டும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023-இல் உலகிலேயே அதிக விமான இருக்கைகள் கொண்ட பன்னாட்டுத் தடம் கோலாலம்பூர் - சிங்கப்பூர்தான். அங்கே ரயில் தேவைதான். ஆனால் கனவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், இருக்கும் தண்டவாளத்தில் இன்னும் நான்கு வண்டி விடலாமே!

தோட்டங்கள் மூடப்பட்ட பிறகு பேராக் தமிழ்க் குடும்பங்கள் சிதறிவிட்டன. அப்பா அம்மா காம்பாரிலும் கோப்பெங்கிலும். பிள்ளைகள் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பினாங்கிலும். மகன் ஆண்டுக்கு இரண்டு முறை வருகிறானா, மாதம் ஒரு முறை வருகிறானா என்பதை டிக்கெட்டுதான் தீர்மானிக்கிறது. எழுபது வயது அம்மா தனியாக காரோட்டிக்கொண்டு போக முடியாது. விமான நிலையத்தில் அவரை அலைய விடவும் முடியாது. ரயிலில் ஏற்றி உட்கார வைத்தால் போதும், அந்தப் பக்கம் மகன் வந்து அழைத்துக்கொள்வான்.

இந்தக் கருத்தரங்குக்குத் தொகுதிப் பிரதிநிதியும் ரயில்வே தரப்பும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதை நீங்கள்தான் கேட்க வேண்டும். எந்த நேரத்து வண்டி, எந்த நாளில் இடம் கிடைக்கவில்லை, நிலையத்திலிருந்து வீட்டுக்கு எப்படிப் போகிறீர்கள் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். ஒலிவாங்கியை முதலில் பின்வரிசைக்குக் கொடுங்கள், தம்பி. அங்கே ஒரு அம்மா ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்.