பிறந்த தேதி ஒரு நாள் பின்னால் போவது ஏன்?



கைப்பேசியில் ஒரு விண்ணப்பம் நிரப்புறீங்கன்னு வைத்துக்கொள்வோம். பிறந்த தேதி 15-08-2006. திரையில் சரியாகத்தான் தெரிகிறது. சமர்ப்பித்த பிறகு வரும் ஒப்புகைச் சீட்டில் 14-08-2006 என்று இருக்கிறது. நம்ம கைதான் தவறிவிட்டது என்று நினைப்போம், இல்லையா? கை தவறவில்லை. இணையப் படிவம் செய்பவர்கள் பலரும் ஒரு முறையாவது சந்திக்கும் பிழை இது.

பிரௌசருக்குள் படிவத்தை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி. அதன் பழைய 'டேட்' வசதி வெறும் தேதியை வைத்துக்கொள்ளாது, நேரத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். ஆகஸ்ட் 15 என்றால் இந்திய நேரப்படி அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி. சர்வருக்கு அனுப்பும்போது உலகப் பொது நேரத்துக்கு மாற்றினால் ஐந்தரை மணி நேரம் கழியும். அப்போது ஆகஸ்ட் 14 மாலை 6.30 ஆகிவிடுகிறது. அதில் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால் முடிந்தது கதை. பள்ளிச் சான்றிதழோடு பொருந்தாது. திருத்தம் கேட்டு அலைய வேண்டியது நீங்கதான்.

சரிசெய்ய ஓரிரு வரி போதும். பிறந்த தேதியை நேரமாக மாற்றாமல், நாள், மாதம், ஆண்டு என்று அப்படியே எழுத்தாக அனுப்பினால் போதும். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் அந்தப் பக்கத்தைத் திருத்தும்போது பிழை திரும்பி வராது என்று யார் சொல்வது? அதற்குத்தான் தானியங்கி சோதனை.

நான் இதழியல் படித்தவள், பொறியியல் இல்லை. எனக்கே புரிந்த அளவுக்கு இது எளிது. சோதனை என்பதும் ஒரு சின்ன நிரல்தான். 'இந்தத் தேதியைக் கொடு, சேமிக்கப் போவது என்னவென்று பார், அது 15 இல்லையென்றால் கத்து.' அவ்வளவுதான். இதை இயக்கும் வசதி நோட்.ஜேஎஸ் மென்பொருளிலேயே 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பு முதல் இருக்கிறது. கோப்பின் பெயரை '.டெஸ்ட்.ஜேஎஸ்' என்று முடித்து, 'நோட் --டெஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் எல்லாச் சோதனைகளையும் அதுவே தேடி ஓட்டும். ஜெஸ்ட், வீடெஸ்ட் போன்ற கருவிகளும் உண்டு. கற்றுக்கொள்ளும் மாணவர்கள் முதலில் நோட்டிலேயே தொடங்கலாம், கூடுதலாக எதையும் நிறுவ வேண்டாம்.

இங்கே ஒரு வேடிக்கை. நிரல் மாறும் ஒவ்வொரு முறையும் சோதனைகள் தானாக ஓடும்படி கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போன்ற இடத்தில் அமைத்து வைப்பார்கள். அந்தக் கணினிகளின் கடிகாரம் வழக்கமாக உலகப் பொது நேரத்தில் இருக்கும். அங்கே கழிக்க ஐந்தரை மணி நேரமே கிடையாது! பிழை உள்ளே இருந்தாலும் சோதனை பச்சை விளக்குக் காட்டும். ஆகவே நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று வைத்து ஒரு முறை ஓட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்காக 'அமெரிக்கா/நியூயார்க்' என்று வைத்தும் ஒரு முறை ஓட்ட வேண்டும்.

அடுத்தது பெயர். 'கிருஷ்ணமூர்த்தி' என்பதில் எத்தனை எழுத்து? நமக்கு எட்டு. ஜாவாஸ்கிரிப்டுக்குப் பதினைந்து. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணும். பெயருக்கு 12 என்று எல்லை வைத்த படிவத்தில் அவர் 'கிருஷ்ணமூர்த' ஆகிவிடுவார். ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுச் சோதித்தால் இது கண்ணில் படவே படாது. 'கோமதி' இன்னும் சுவாரசியம். 'கோ'வில் வரும் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், முன்னும் பின்னும் இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. நிரலில் 'நார்மலைஸ்' செய்யாவிட்டால், தேடும்போது 'விண்ணப்பம் கிடைக்கவில்லை' என்று வரும். தமிழில் இயங்கும் எந்தச் சேவைக்கும் இந்த இரண்டு பெயர்களும் சோதனைப் பட்டியலில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவை நிரலின் உள்ளே நடக்கும் சோதனைகள். முழுப் பக்கத்தையும் மனிதர் போலவே திறந்து, தட்டச்சு செய்து, பட்டனை அழுத்திப் பார்க்க பிளேரைட் போன்ற கருவிகள் இருக்கின்றன. குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று பிரௌசர் வகைகளிலும் ஓடும். கைப்பேசித் திரை அளவிலும் பார்க்கலாம். பாதியில் இணையத்தைத் துண்டித்து, நீங்க நிரப்பியது அழிந்துவிடுகிறதா என்றும் பார்க்கலாம். இவை மெதுவாக ஓடும் என்பதால் விண்ணப்பம், கட்டணம், சான்றிதழ் பதிவிறக்கம் போன்ற முக்கிய வழிகளுக்கு மட்டும் எழுதுவதே வழக்கம்.

பொத்தானில் இருக்கும் தமிழ் ஒரு பாட்டிக்குப் புரிகிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாது. அதை ஆள் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. படிவம் தவறு செய்தால் 'வெப்சைட் வேலை செய்யல' என்று மட்டும் புகார் எழுதாதீங்க. என்ன தட்டச்சு செய்தீங்க, என்ன வந்தது, எந்தக் கைப்பேசி, எந்த பிரௌசர், எத்தனை மணி என்று எழுதுங்க. திரைப்பிடிப்பு அனுப்பும்போது ஆதார் எண்ணையும் ஓடிபியையும் மறைத்துவிடுங்க. இவ்வளவும் இருந்தால், உங்க புகாரையே அப்படியே ஒரு சோதனையாக எழுதி வைத்துவிட முடியும்.