ஆயரை நியமிப்பவர் யார்? ஐரோப்பிய அரசியலும் தமிழ்க் கிறித்தவமும்

1. வழக்கின் தோற்றம்

ஐரோப்பிய வரலாற்றில் மதத்துக்கும் அரசுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் நீடித்த வழக்கைப் பெரும்பாலும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம்: ஒரு நகரத்தின் ஆயரை நியமிக்கும் உரிமை யாருக்கு உரியது? இடைக்கால ஐரோப்பாவில் ஆயர் வழிபாட்டுக்குத் தலைவராக இருந்ததோடு நிலக்கிழாராகவும், வரி வாங்குபவராகவும், நீதி வழங்குபவராகவும், வேண்டியபோது மன்னருக்குப் படை அனுப்புபவராகவும் விளங்கியதால், அவரைத் தேர்ந்தெடுப்பவர் கையில் நிலமும் வரியும் படையும் தாமே வந்து சேர்ந்தன. 1077-இல் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, பாப்பரசர் ஏழாம் கிரகோரியின் மன்னிப்பை வேண்டிக் கனோசாக் கோட்டை வாசலில் கடுங்குளிரில் மூன்று நாள் காத்து நின்றது இந்த வழக்கின் பொருட்டே. 1122-இல் கையெழுத்தான வோர்ம்ஸ் உடன்படிக்கை, ஆன்மிக அதிகாரத்தின் அடையாளமான மோதிரத்தையும் கோலையும் திருச்சபை தரவேண்டும் என்றும், நிலவுரிமையின் அடையாளமான செங்கோலை மன்னர் தரவேண்டும் என்றும் பிரித்துவைத்தது. வழக்கு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. லூத்தரின் சீர்திருத்தத்துக்குப் பின் மூண்ட போர்களை நிறுத்த 1555-இல் ஆக்ஸ்பர்க் நகரில் செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு, ஒரு நாட்டை ஆள்பவரின் மதம் எதுவோ அதுவே அந்நாட்டின் மதம் என்ற விதியை வகுத்தது. ஏற்க மனமில்லாதவர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறலாம் என்பதே குடிகளுக்கு விடப்பட்ட சலுகை.

இந்த வழக்கு ஐரோப்பாவின் எல்லைக்குள் அடங்கி நிற்கவில்லை. கப்பலேறித் தமிழ்க் கடற்கரைக்கு வந்து, மதுரை, மறவர் சீமை, புதுச்சேரி, தரங்கம்பாடி வழியாக மைசூர் நாடு வரை பரவி, 1950 வரை உயிரோடிருந்தது. உரோமையிலும் லிஸ்பனிலும் பாரிசிலும் எழுதப்பட்ட தீர்ப்புகள் இங்கு வழிபட்டவர்களின் வாழ்வை எவ்வாறு தொட்டன, அவர்கள் எங்கே பணிந்தனர், எங்கே பணிய மறுத்தனர் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

2. காப்பும் கடனும்

பதினைந்தாம் நூற்றாண்டில் பாப்பரசர்கள் வழங்கிய சாசனங்களின்படி, புதிதாகக் கண்டடையும் நாடுகளில் கோயில் கட்டவும், குருக்களை அனுப்பவும், அவர்களுக்குப் படியளக்கவும் போர்த்துகல் மன்னர் பொறுப்பேற்றார். அதற்கு ஈடாக அந்நாடுகளின் ஆயர்களை முன்மொழியும் உரிமை அவருக்குக் கிடைத்தது. பதுரவாதோ எனப்படும் இந்த ஏற்பாட்டைத் தமிழில் புரவலுரிமை எனலாம். 1534-இல் கோவாவும், 1557-இல் கொச்சியும், 1606-இல் மயிலாப்பூரும் இவ்வுரிமையின் கீழ் மறைமாவட்டங்கள் ஆயின.

தமிழகத்தில் இதன் முதல் விளைவு முத்துக்குளித்துறையில் காணப்பட்டது. முத்துக் குளிப்பதில் தங்களுக்கிருந்த உரிமையைப் போட்டியாளர்களிடம் இழந்துகொண்டிருந்த பரவர்கள், 1535-இல் கொச்சிக்குத் தூதனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையை வேண்டினர். அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் சுமார் 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். தனிமனிதரின் மனமாற்றமாக இதைக் கொள்வதைவிட, ஒரு சமூகத்தின் தலைவர்கள் கூடி எடுத்த அரசியல் முடிவாகக் கொள்வதே பொருந்தும். ஆக்ஸ்பர்க் விதி எழுதப்படுவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதே தர்க்கம் இக்கடற்கரையில் செயல்பட்டிருக்கிறது: காப்பவர் மதம் காக்கப்படுபவர் மதம். 1538-இல் வேதாளையில் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையைப் போர்த்துக்கீசியர் முறியடித்தபோது கடனின் ஒரு பங்கு தீர்க்கப்பட்டது. வேதம் கற்பிக்கப் பிரான்சிஸ் சவேரியார் வந்ததோ 1542-இல்தான்.

ஆயினும் அதே கடற்கரை அந்த விதியைப் பொய்யாக்கியும் காட்டியது. 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் சீர்திருத்தத் திருச்சபையினர்; கத்தோலிக்கக் குருக்களை அவர்கள் விரட்டினர்; காப்பவர் மாறியதால் குடிகளும் மதம் மாறுவர் என்று எதிர்பார்த்தனர். பரவர்கள் டச்சுக் கம்பெனிக்கு முத்தும் சங்கும் எடுத்துக் கொடுத்தனர். வழிபாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆள்பவரின் கணக்கில் தொடங்கிய ஒரு சமயம் நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தபின் ஆளப்படுபவரின் சொந்தச் சொத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

3. பரங்கி என்னும் சொல்

கடற்கரையில் கிறித்தவம் பரங்கியரின், அதாவது போர்த்துக்கீசியரின், மார்க்கம் என்றே அறியப்பட்டது; திருமுழுக்குப் பெற வருபவரிடம் பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி, சிக்கல் முழுவதும் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்து, காவியுடை அணிந்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, ஒரு மதத்தைத் தழுவுவதற்கு ஒரு மன்னரின் குடியாக மாறவேண்டியதில்லை என்று நடந்து காட்டினார். கோவாவின் பேராயர் இதை எதிர்த்தார். குடுமி, பூணூல், சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சமூக வழக்கமாகக் கருதி அனுமதிக்கலாம் என்று 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பளித்தார். அதற்கு முந்தைய ஆண்டிலேதான், மறைபரப்புப் பணியை மன்னர்களின் கையிலிருந்து தம் நேரடிப் பொறுப்பில் கொண்டுவர, விசுவாசப் பரப்புதல் பேராயம் என்ற அலுவலகத்தை அதே பாப்பரசர் உரோமையில் நிறுவியிருந்தார். இனி வரும் முந்நூறு ஆண்டுக் கதை இந்தப் பேராயத்துக்கும் பதுரவாதோவுக்கும் இடையே நடந்த இழுபறியே.

உள்நாட்டு அரசர்களும் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. மறவர் சீமையில் தடியத்தேவர் என்ற தலைவர் திருமுழுக்குப் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியபோது, விலக்கப்பட்டவர்களுள் ஒருவர் அச்சீமையை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப் பெண்ணாக இருந்தார். மண உறவே அரசியல் உறவாக இருந்த சீமையில், ஐரோப்பியத் திருமண விதி ஒன்று ஆட்சியின் அடித்தளத்தையே அசைத்தது. அதன் விளைவாக, போர்த்துகல் மன்னர் லிஸ்பனிலேயே தங்கும்படி வற்புறுத்தியும் திரும்பி வந்திருந்த ஜான் தெ பிரிட்டோ என்னும் அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார்.

4. தாலியும் ஆணையும்

பாப்பரசர் பதினோராம் கிளமெண்ட் சீனாவுக்கு அனுப்பிய தூதர் தூர்னோன், வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கினார். உடல்நலம் குன்றியிருந்ததால் உள்நாட்டுக்குள் செல்லாமலேயே, எட்டு மாதங்களுக்குள் தமிழ்க் கிறித்தவர்களின் பழக்கவழக்கங்கள் குறித்து ஓர் ஆணையைப் பிறப்பித்தார். திருமுழுக்கின்போது குரு தம் உமிழ்நீரைத் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர் அருவருத்ததால், நொபிலியின் துறவற சபையான இயேசு சபையார் அதைக் கைவிட்டிருந்தனர். ஆணை அதை மீண்டும் கட்டாயமாக்கியது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது என்றது. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்குள் வராமல் தடுக்கக் கூடாது என்றது. நோயுற்ற பறையர் கிறித்தவரை வெளியே தூக்கிவரச் சொல்லிப் பார்ப்பதை விட்டு, அவர்தம் குடிசைக்கே குரு செல்லவேண்டும் என்றது.

ஒரே ஆணைக்குள் அயலவரின் அறியாமையும் உயர்ந்த அறமும் இவ்வாறு பின்னிக் கிடந்தன. இயேசு சபையார் மேல்முறையீட்டுக்குமேல் மேல்முறையீடு செய்தனர். வழக்கு நாற்பது ஆண்டுகள் இழுத்தது. 1744-இல் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்ட் அளித்த இறுதித் தீர்ப்பில் தாலிச் சின்னம் தடைசெய்யப்பட்டே நின்றது. பறையர் குடிசைக்குச் செல்லும் கடமைக்கோ, அவர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குவது என்ற சமரசம் ஏற்கப்பட்டது. கழுத்தில் கிடந்த சின்னத்தை மாற்ற முடிந்த அதிகாரத்தால் தெருவின் எல்லையை மாற்ற முடியவில்லை. தூர்னோனின் முடிவும் கவனிக்கத்தக்கது: பதுரவாதோவை மதிக்காமல் அதிகாரம் செலுத்தினார் என்பதற்காகப் போர்த்துக்கீசியர் அவரை மக்காவ் நகரில் காவலில் வைத்தனர், கர்தினாலாக உயர்த்தப்பட்ட பின்னும் விடுதலை பெறாமல் 1710-இல் அங்கேயே இறந்தார்.

சீர்திருத்தத் தரப்பிலும் நிலைமை வேறுபடவில்லை. டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, அங்கிருந்த டேனிஷ் ஆளுநராலேயே நான்கு மாதம் சிறை வைக்கப்பட்டார். மன்னருக்கு வேதம் பரவவேண்டும்; டேனிஷ் கம்பெனிக்கு வணிகம் கெடக்கூடாது; இரண்டுக்கும் நடுவே மறைபரப்பாளர் சிக்கிக்கொண்டார்.

5. மைசூர் மண்ணில்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பிய அரசுகள் திருச்சபையின் மீது நேரடியாகவே கை வைத்தன. போர்த்துகல் 1759-இலும் பிரான்ஸ் 1764-இலும் இயேசு சபையை வெளியேற்றின. அவற்றின் நெருக்குதலுக்குப் பணிந்து 1773-இல் பாப்பரசர் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். கலைத்தது அங்கே; அநாதையானது இங்கே இருந்த தமிழ், கன்னட, தெலுங்குச் சபைகள். 1776-இல் பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தார் புதுச்சேரியில் அச்சபைகளின் பொறுப்பை ஏற்றனர்.

குருக்கள் அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்று பிரெஞ்சுப் புரட்சி வற்புறுத்திக்கொண்டிருந்த 1792-இல் இச்சங்கத்தின் சார்பில் இந்தியா வந்தவர் அபே துபுவா. திப்பு சுல்தான் வீழ்ந்த 1799-க்குப் பின், மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறித்தவர்களை ஒன்றுதிரட்டும் பணி அவருக்கு வந்தது. நாட்டுடை தரித்து நாட்டுணவு உண்டு வாழ்ந்த இந்தப் பிரெஞ்சுக்காரரை, பிரான்ஸோடு போரிலிருந்த ஆங்கிலக் கம்பெனி நம்பியது. இந்துக்களின் வழக்கங்களைப் பற்றிய அவருடைய கையெழுத்துப் படியை 2,000 வராகன் கொடுத்து வாங்கி, 1816-இல் லண்டனில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்நூலின் பெரும்பகுதி, கலைக்கப்பட்ட இயேசு சபையைச் சேர்ந்த கேர்து என்பவர் முன்பே எழுதிவைத்ததைத் தழுவியது என்று பிற்கால ஆய்வு காட்டியது. இயேசு சபையாரின் அறிவு, பாரிஸ் சங்கத்தாரின் கை, கம்பெனியின் பணம் ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் சந்தித்தன. எழுதப்பட்ட மக்களிடம் மட்டும் எவரும் கணக்குக் காட்டவில்லை.

பெங்களூரில் இவ்வரலாற்றைக் கண்ணால் காணலாம். இன்று சிவாஜிநகரில் உள்ள மரியன்னை பசிலிக்கா, செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள் எழுப்பிய காணிக்கை மாதா கோயிலாகத் தொடங்கியது என்பது மரபு. கூரைக் கொட்டகையாக இருந்த அவ்விடத்தில் பின்னர் துபுவா வழிபாடு நடத்தினார். 1809-இல் கண்டோன்மென்ட் அமைந்தபின் படையோடும் பணிகளோடும் தமிழர் மேலும் வந்தனர். 1882 செப்டம்பர் 8 அன்று பிரெஞ்சுக் குருக்களின் முயற்சியால் உயர்ந்த கொத்திக் கோபுரத்தோடு இன்றைய கட்டடம் அர்ச்சிக்கப்பட்டது. கோபுரம் ஐரோப்பாவினுடையது. அதற்கு முன்பிருந்த கொட்டகையோ, எந்த மன்னரின் புரவலுரிமையும் இல்லாமல் கூலிக்கு வந்த மக்கள் தம் கையால் போட்டது.

6. இரட்டை ஆட்சி

1834-இல் போர்த்துகலின் தாராளவாத அரசு துறவற சபைகளை ஒழித்து உரோமையோடு உறவை முறித்துக்கொண்டது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி 1838-இல் பாப்பரசர் பதினாறாம் கிரகோரி, மயிலாப்பூர், கொச்சி முதலிய இடங்களில் பதுரவாதோவின் அதிகாரத்தை நீக்கி உரோமையின் பதிலாளர்களிடம் ஒப்படைத்தார். கோவாவின் குருக்கள் அதை ஏற்க மறுத்தனர். ஒரே கடவுளை ஒரே சடங்கால் வழிபட்ட பங்குகள் கோவாக் கட்சி, உரோமைக் கட்சி என்று பிளந்தன.

1886-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ போர்த்துகலோடு செய்த உடன்படிக்கை சண்டையை அடக்கியது, காரணத்தை அகற்றவில்லை. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைசூர் மறைமாவட்டம் அவ்வாண்டில் உரோமையின் கீழ் அமைந்தது. வேளாங்கண்ணி உள்ளிட்ட தஞ்சைப் பகுதிகளோ பதுரவாதோ மயிலாப்பூரின் கீழ் நீடித்தன. 1910-இல் முடியாட்சியை ஒழித்து, 1911-இல் தன் நாட்டில் திருச்சபையை அரசிலிருந்து பிரித்த போர்த்துகல் குடியரசு, இந்தியாவில் ஆயரை நியமிப்பதில் தனக்கிருந்த பங்கை மட்டும் விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது. பம்பாய்ப் பேராயர் ஒருமுறை போர்த்துக்கீசியராகவும் மறுமுறை ஆங்கிலேயராகவும் இருக்கவேண்டும் என்று 1928-இல் ஓர் உடன்பாடு எழுதப்பட்டது. இந்தியருக்கு அந்த முறைவரிசையில் இடமே இல்லை. இந்தியா விடுதலை பெற்று மூன்று ஆண்டுகள் சென்றபின், 1950 ஜூலை 18 அன்றே போர்த்துகல் இவ்வுரிமையைக் கைவிட்டது. 1952-இல் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே மறைமாவட்டமாயின. தஞ்சாவூர் தனி மறைமாவட்டமாயிற்று.

7. முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. அரசு ஒரு மதத்துக்குக் காப்பளிக்கும்போது, அந்தக் காப்பு கடனாகவே எழுதப்படுகிறது. கடன் கொடுத்தவர் பின்னொரு நாள் பீடத்தில் யார் அமர்வது என்று கேட்கிறார். அரசின் கை வலுத்தபோது இயேசு சபை கலைந்தது. அதன் கை தளர்ந்தபோது பங்குகள் பிளந்தன. இரண்டு நிலையிலும் விலை கொடுத்தவர்கள் வழிபட்டவர்களே. அரசின் உதவியை வேண்டி நிற்கும் எந்தச் சமய அமைப்பும், எந்த ஊரில் இருந்தாலும், பெறும் உதவியின் மறுபக்கத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கைநீட்டுவது நல்லது.

நிலைத்து நின்றது எது என்பதற்கு ஒரு செய்தி போதும். 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானபோது, தமிழரான பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் அதன் ஆயரானார். நவீன காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர் அவரே. பரவர்கள் கொச்சிக்குத் தூதனுப்பிய நாளிலிருந்து அதற்கு 388 ஆண்டுகள் ஆயின.